அத்திப்பள்ளிக்கு இப்பால்: பெங்களூர் சுயாதீனக் கலை குறித்து ஓசூரிலிருந்து ஒரு வாசிப்பு

பெங்களூரின் சுயாதீன இசை, சினிமா பற்றிச் சொல்லப்பட்டு வரும் வரலாறு ஒரு நகரத்தின் சுயசரிதையாகவே இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் பிரிகேட் ரோட்டைச் சுற்றிப் பப்புகள் முளைத்தன. 1996-ல், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி, நுழைவுச்சீட்டு இல்லாமல் யாரும் வந்து கேட்கிற மாதிரி ‘ஃப்ரீடம் ஜாம்’ தொடங்கியது. ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ என்ற குழு பிறந்ததும் அந்த வருஷந்தான். பிறகு கம்ப்யூட்டர்க் கம்பெனிச் சம்பளம் வந்தது. பேலஸ் கிரவுண்ட்சுக்கு ரோஜர் வாட்டர்ஸ் (2002), ரோலிங் ஸ்டோன்ஸ் (2003), அயர்ன் மெய்டன் (2007), மெட்டாலிக்கா (2011) என்று பெரிய ஆட்கள் வந்து போனார்கள். சினிமாப் பக்கம் 1971-ல் தொடங்கிய சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி, 2006-ல் ஆரம்பித்த சர்வதேசத் திரைப்பட விழா, 2013-ல் பொதுமக்களிடம் காசு திரட்டி எடுத்த ‘லூசியா’. இந்தக் கதையாடலில் குழுக்களுக்குப் பெயர் இருக்கிறது, மேடைகளுக்கு இருக்கிறது, ஸ்பான்சர்களுக்குக்கூட இருக்கிறது. ரசிகனுக்கு மட்டும் முகவரி கிடையாது. அவன் வெறும் ‘கூட்டம்’.

என் முகவரி ஓசூர். பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். நடுவில் ஒரு மாநில எல்லை. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, இந்தப் பக்கம் ஜூஜூவாடி. இருபது வருஷமாக இந்த எல்லையைத் தாண்டிப் போய்ப் பாட்டு கேட்டவன், படம் பார்த்தவன் என்ற தகுதி ஒன்றே இதை எழுத எனக்கு உண்டு. ‘சுயாதீனம்’ என்பதை, பெரிய கம்பெனியையும் பெரிய ஸ்டுடியோவையும் சாராதது என்று விளக்குவது வழக்கம். அது எதைச் சார்ந்திருந்தது என்ற கேள்வியை மேடைக்கு எதிரே நிற்பவன் கேட்பதில்லை. கடைசிப் பாட்டு வரை நிற்க முடியாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்கு அந்தக் கேள்வி தன்னால் வந்துவிடுகிறது.

கன்டோன்மென்டிலிருந்து தொடங்கலாம். 1809-ல் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது, படைக்குப் பின்னாலேயே சமையல்காரர், கொத்தனார், தையல்காரர், வண்டிக்காரர், வியாபாரி எனச் சென்னை மாகாணத்துத் தமிழ்ச் சனங்கள் போனார்கள். அல்சூர், இன்றைய சிவாஜிநகர் போன்ற பகுதிகள் அப்படி உண்டானவை. கன்னடப் பேட்டையும் கன்டோன்மென்டும் தனித்தனி நிர்வாகமாகவே கிடந்து, 1949-ல்தான் ஒரே மாநகராட்சியாயின. ராக் இசை வேர்விட்டது பேட்டையில் அல்ல, இந்தக் கன்டோன்மென்ட் தெருக்களில். அதாவது, தெருவில் தமிழும் உருதும் புழங்க, ஆபீசிலும் சர்ச்சிலும் ஆங்கிலம் புழங்கிய ஒரு வெளியில்.

ஆனால் அந்த மேடையில் தமிழ் பாடவில்லை. ஏன்? 1982-ல் கோகாக் கிளர்ச்சி நடந்தது. பள்ளியில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு ராஜ்குமாரே தெருவில் இறங்கினார். அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். சொந்த ஊரிலேயே தன் மொழி ஓரமாகிறது என்ற கன்னடத்தானின் அச்சம் பொய்யில்லை. ஆனால் அதற்கப்புறம் பெங்களூரில் மொழி என்பது பேச்சுக்கான கருவி என்ற நிலையைத் தாண்டி அடையாள அட்டையாகிவிட்டது. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததை ஒட்டித் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது, அந்த அட்டைக்கு என்ன விலை என்று தெரிந்துபோனது. இந்தச் சூழலில் ஆங்கிலம் வெறும் மேட்டிமையின் மொழி மட்டுமல்ல, ஒளிந்துகொள்ளும் இடமும்கூட. ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ என்ற பெயரே ஒரு விடுகதை: மூன்று முழு மலையாளிகளும் ஒரு கால் மலையாளியும் சேர்ந்த குழு என்று அதற்கு அர்த்தம். பாடியதோ ஆங்கிலம். பின்னால் ராப் பாட வந்த பிரோதா வி, ஸ்மோக்கி த கோஸ்ட் முதலானோர் தங்கள் குழுவுக்கு ‘மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்’ என்று பெயர் வைத்தார்கள். மச்சா! அல்சூரிலும் அசோக்நகரிலும் தமிழன் புழங்கவிட்ட சொல். இன்றைக்குக் கன்னடப் பையன், வடநாட்டுப் பையன் எல்லாருடைய வாயிலும் கிடக்கிறது. தாய்மொழி பெயர்ப்பலகையில், ஆங்கிலம் பாட்டில். பெங்களூர் ராக்கின் மொழிக்கொள்கை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி ஓசூர். சேலம் ஜில்லாவில் இருந்து, 1965-ல் தருமபுரிக்குப் போய், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்து, 2019-ல் மாநகராட்சியான ஊர். மாநில மறுசீரமைப்பின்போது தெலுங்கு, கன்னடம் பேசுகிற சனத்தோடு தமிழகத்தில் நின்ற தாலுகா. எழுபதுகளில் சிப்காட் வந்தது. பெங்களூர் பக்கத்தில், தமிழ்நாட்டுச் சலுகையில் என்பதே அதன் சூத்திரம். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், எண்பதுகளின் நடுவில் டைட்டன் கடிகாரமும். டைட்டனை இங்கே சொல்ல வேறு காரணம் உண்டு. அதன் விளம்பரத்துக்கு மொசார்ட்டின் 25-ஆம் சிம்ஃபனியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டார்கள். 1773-ல் ஒரு பதினேழு வயதுப் பையன் எழுதிய இசை, ஓசூரில் செய்த கைக்கடிகாரத்தை விற்க, தூர்தர்ஷன் வழியாக ஓசூர் லைன் வீடுகளுக்கே திரும்பி வந்தது. பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, அந்த நுண்ணிய வேலைக்குப் பழக்கிய ஃபாக்டரி அது. அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த மெட்டு தெரியும், மொசார்ட் யாரென்று தெரியாது. மேற்கத்திய இசை எங்களுக்குக் கான்வென்ட் வழியாக வரவில்லை, உற்பத்தி வழியாக வந்தது. இதை அழகியல் அனுபவம் என்பதா, பண்டத்தின் கூலி என்பதா? இரண்டும்தான்.

என் ரசனை என் நண்பன் ஒருவனிடமிருந்து வந்தது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸாக இருந்தவன். ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பழைய இதழ்களைப் பெங்களூர் நடைபாதையில் வாங்கி வருவான். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நான் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டு அவனுக்கு அகராதி பார்த்துச் சொல்வேன். கூத்துதான். அவன் சொல்வது ஒன்று உண்டு: ‘மெட்டல் கேக்கறப்ப பிரஸ் ஷாப் சத்தம் காதுல இருந்து போயிடுது மச்சா. அந்தச் சத்தத்தெ இந்தச் சத்தந்தான் அடிக்கும்.’ ஹெவி மெட்டல் பர்மிங்ஹாம் மாதிரியான இரும்புத் தொழில் நகரத்திலிருந்து புறப்பட்டது, ‘பிளாக் சபாத்’ குழுவின் டோனி அயோமி ஃபாக்டரி மிஷினில் விரல் நுனியை இழந்தவர் என்பதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்த சேதி. அவனுக்கு அது உடம்பிலேயே தெரிந்திருந்தது. பெங்களூர் விமர்சகர் யாரும் இந்த வகை இசையைச் சிப்காட்டோடு சேர்த்து வாசித்ததை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது காலேஜ் சமாச்சாரம்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. அயர்ன் மெய்டன். இந்தியாவில் அவர்களுக்கு அதுவே முதல் மேடை. செகண்ட் ஷிஃப்டை இன்னொருவனோடு மாற்றிக்கொண்டு, அதற்குப் பதிலாக இரண்டு நைட் ஷிஃப்ட் பார்ப்பதாக வாக்குக் கொடுத்து அவன் வந்தான். டிக்கெட் காசு அவனுடைய உதவித்தொகையில் பெரும்பங்கு. முடிந்து வெளியே வந்தால் பஸ் ஏது? சில்க் போர்டு வரை எப்படியோ வந்து, மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளோடு திரும்பிய டெம்போவில் ஏறினோம். எங்களைப் போல இன்னும் நாலைந்து கறுப்புச் சட்டைகள் அதில் இருந்தன. ஆனேக்கல்லில் ஒருவன் இறங்க வேண்டும், சூளகிரிக்கு ஒருவன். நெடுஞ்சாலைக் காற்றில் யாரும் பேசவில்லை. காலை ஆறு மணிக்கு அவன் பஞ்ச் அடித்தாக வேண்டும்.

ஜாக் ரான்சியேர் 1981-ல் வெளியிட்ட நூலொன்று 1830-களின் பிரெஞ்சுத் தொழிலாளர்களின் இரவுகளைப் பற்றியது. மறுநாள் உழைப்புக்காகத் தூங்க வேண்டிய நேரத்தில் அவர்கள் கவிதை எழுதினார்கள், தத்துவம் பேசினார்கள். தொழிலாளி என்றால் தொழிலாளியின் கலாச்சாரத்தோடு கிடக்க வேண்டும் என்று முதலாளியும் சொன்னான், அவனை விடுவிக்க வந்தவனும் சொன்னான். இருவரையும் அவர்கள் இரவு மீறியது. எங்கள் ஊர்ச் சங்கத் தோழர்களிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்: ‘இங்கிலீஷ்காரன் கத்தறதெ கேட்டு உனக்கு என்னப்பா ஆவப்போவுது?’ அந்த டெம்போவில் இருந்தவர்களை ஏகாதிபத்தியப் பண்பாட்டின் பலிகள் என்று எழுதிவிடுவது சுலபம். தூக்கத்தைத் தானே எடுத்துச் செலவழித்த ஒருவனைப் பலி என்று எப்படிச் சொல்வது என்பது எனக்குப் புரியவில்லை.

மேடைகளைப் பற்றி வருவோம். பேலஸ் கிரவுண்ட்ஸ் மைசூர் அரச குடும்பத்தின் நிலம். அதைக் கையகப்படுத்தக் கர்நாடக அரசு 1996-ல் சட்டம் போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்ப் பல்லாண்டு கிடந்தது. யாருக்கும் முழுசாகச் சொந்தமாகாமல், கட்டடம் எழும்பாமல் ஊர் நடுவே காலியாகக் கிடந்த நிலம் என்பதால்தான் அங்கே கல்யாணமும் கண்காட்சியும் ராக்கும் நடந்தன. ஒரு வழக்கின் இடைவெளியில் நின்றுதான் மெட்டாலிக்காவைக் கேட்டோம். சின்ன மேடைகளான பப்புகள் சாராய உரிமத்தில் நின்றன. சாராயம் விற்கிற நேரம் எதுவோ அதுவே இசையின் நேரம்.

இந்த இடத்தில்தான் ஒரு ஆணை முக்கியமாகிறது. பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பெங்களூர் போலீஸ் 2005-ல் கொண்டுவந்தது. பெங்களூர்ப் பேச்சில் ‘லைவ் பேண்ட்’ என்றால் ராக் குழு அல்ல. பெண்கள் மேடையில் பாட, ஆட, ஆண்கள் குடித்தபடி பார்க்கிற பார். ஆணையின் கண் அதன்மேல்தான் இருந்தது. 2008-ல் போலீஸ் கெடுபிடி கூடியபோது பப்பில் கிட்டார் வாசித்த பிள்ளைகளும் அதே வலையில் மாட்டினார்கள். இசைக்கலைஞர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், நாளிதழ்கள் எழுதின. அந்த எதிர்ப்பின் சொல்லாடலைக் கவனித்தால் ஒன்று தெரியும். ‘நாங்கள் அவர்களைப் போல இல்லை, நாங்கள் கலைஞர்கள்’ என்பதே அதன் அடிநாதம். அதிகாரம் தடுப்பது மட்டுமல்ல, உற்பத்தியும் செய்கிறது என்று ஃபூக்கோ சொன்னதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். கௌரவமான ‘லைவ் மியூசிக்’ என்ற வகையினத்தை அந்த ஆணைதான் பிறப்பித்தது. அதற்கு எதிர்ப்பதமாக ‘லைவ் பேண்ட்’ பெண்ணை நிறுத்தியது. சுயாதீனக் கலைஞனும் அந்த வரியிலேயே கையெழுத்துப் போட்டான். 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஆணை செல்லும் என்றது. அந்தப் பார்களில் பாடிய பெண்கள் எந்தச் சுயாதீன இசை வரலாற்றிலும் இல்லை. சம்பளம் இல்லாமல், மேசைக்காரன் வீசுகிற நோட்டை நம்பி, மைக்கைப் பிடித்து இரவெல்லாம் பாடியவர்கள் அவர்கள். எந்தக் கம்பெனியையும் சாராத பாட்டு என்பதுதான் அளவுகோல் என்றால், அதில் முதலில் தேற வேண்டியவர்களே அவர்கள்தான்.

சினிமாவுக்கு இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். கன்னடப் புதிய சினிமாவின் தொடக்கம் ‘சம்ஸ்காரா’ (1970) என்பார்கள். யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவல். இயக்கிய பட்டாபிராம ரெட்டி தெலுங்கர், ஒளிப்பதிவாளர் டாம் கோவன் ஆஸ்திரேலியர். கிரீஷ் கர்னாட் அப்போது மெட்ராஸில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். நடிகர்களில் பலர் மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவினர். கலை இயக்குநர் எஸ்.ஜி. வாசுதேவ் சோழமண்டலத்து ஓவியர். முதலில் படத்தைத் தடுத்ததும் மெட்ராஸ் சென்ஸார் போர்டுதான். கன்னடச் சுயாதீன சினிமாவின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த ஊர் மெட்ராஸ்! இதைத் தமிழன் பெருமையாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதே மெட்ராஸில் அஞ்சு வருஷம் முன்பே ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ எடுத்துத் தேசிய விருதும் வாங்கினார். அதற்குத் தியேட்டர் கிடைக்கவில்லை. அதைத் தொடர்ந்து ஒரு இயக்கம் எழவில்லை. கர்நாடகத்தில் அரசு மானியமும் ஃபிலிம் சொசைட்டிகளும் அடுத்தடுத்த படங்களைத் தாங்கின. நம்மூரில் ஸ்டூடியோவும் கட்சியும் ரசிகர் மன்றமும் சேர்ந்து அந்த இடத்தை முழுசாக அடைத்துக்கொண்டன.

சுசித்ராவில் படம் பார்க்கப் போவதென்றால் எங்களுக்கு பனசங்கரி வரைக்கும் இரண்டு பஸ். ‘தர்க்கோவ்ஸ்கி பார்த்துட்டு வர்றேன்’ என்று வீட்டில் சொல்ல முடியாது. இன்டர்வியூ என்று சொல்லிப் போவோம். சப்டைட்டிலைப் படித்து முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். ஆனாலும் ஒரு நிம்மதி. அந்த இருட்டில் எவனும் நீ எந்த ஊர் என்று கேட்பதில்லை.

‘லூசியா’ விஷயத்துக்கு வருகிறேன். பவன் குமார் நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு மாதத்துக்குள் சுமார் 50 லட்சம் ரூபாய் திரட்டி எடுத்த படம். கன்னடத்தில் அப்படி எடுத்த முதல் படம் என்று கொண்டாடினார்கள். 2015-ல் ‘எனக்குள் ஒருவன்’ என்று தமிழுக்கும் வந்தது. கூட்டுநிதியைப் பற்றி நிறைய எழுதினார்கள், கதாநாயகனின் தொழிலைப் பற்றி எழுதவில்லை. அவன் ஒரு பழைய தியேட்டரில் டார்ச் அடித்து ஸீட் காட்டுகிறவன். தூக்கம் வராதவன். தூங்கினால் நட்சத்திரமாகிறான். மல்டிபிளக்ஸ் ரசிகரின் காசில் எடுத்த படம், செத்துக்கொண்டிருந்த தியேட்டரின் டார்ச்காரனைக் கனவு காண்கிறது. படத்தின் உண்மையான பிரதி அதுதான் என்று எனக்குப் படுகிறது. தூக்கத்தை விற்றுச் சினிமா வாங்குகிற அவனை எனக்கு டெம்போவில் பார்த்த ஞாபகம்.

இதுவரை இங்கிருந்து அங்கே போனவர்களைப் பற்றியே சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து இங்கே வந்தவர்கள்? 2004-ல் கர்நாடக ஃபிலிம் சேம்பர், வேற்றுமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழித்தே கர்நாடகத்தில் திரையிடப்பட வேண்டும் என்று தடை போட்டது. கன்னடச் சினிமாவுக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்பது வாதம். அப்போதிலிருந்தே எங்க ஊர்த் தியேட்டர் வாசலில் கே.ஏ. நம்பர் பிளேட் வண்டிகளைப் பார்க்கிறேன். ராக் கேட்கிறவன் வடக்கே போகிறான், ரஜினி பார்க்கிறவன் தெற்கே வருகிறான். இரண்டு பேருக்கும் அதே அத்திப்பள்ளி. முன்னவனுக்குச் ‘சுயாதீன ரசிகன்’ என்று பட்டம், பின்னவனுக்கு ‘வெகுசன மந்தை’ என்று பட்டம். நம் சிற்றிதழ்களும் இந்த இருமை எதிர்வை ரொம்ப நாள் காப்பாற்றி வந்திருக்கின்றன.

2016 செப்டம்பர் 12 அன்று காவிரிக்காகப் பெங்களூர் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட தனியார் பஸ்கள் நாற்பதுக்கு மேல் ஒரே டிப்போவில் எரிந்தன. எல்லையில் பஸ் நின்றது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சனம் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தது. அதற்கு ஏழு வருஷம் முன்பே, ‘ஸ்வராத்மா’ என்ற பெங்களூர்க் குழு தன் முதல் ஆல்பத்தில் காவிரியே பேசுவதாக ‘ப்யாஸி’ என்ற பாட்டைப் போட்டிருந்தது. பாட்டு இந்தியில். கன்னடத்தில் பாடினால் ஒரு கட்சி, தமிழில் பாடினால் மறு கட்சி. ஆற்றுக்கு அவர்கள் மூன்றாவது மொழியைக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். ஆனாலும், காவிரிக்கரையில் யாரும் பேசாத மொழியில்தான் காவிரி நியாயம் பேச முடிகிறது என்பது ஒரு நகரத்தின் நிலைமையைச் சொல்கிறது. ஓசூரில் அந்த வசதி கிடையாது. இங்கே மூன்றாவது மொழி தெலுங்கு, அதிலும் கடன் கேட்பார்கள்.

2018 ஜனவரியில், சென்னையில் பா. ரஞ்சித் முன்கையெடுத்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. கானா, பறை, ராப் மூன்றும் சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசின. பெங்களூர் மேடைகளில் நான் கேட்ட பத்து வருஷத்தில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்துக் கேட்டதில்லை. அதே வருஷம் ஜூன் 7 அன்று அதே ரஞ்சித்தின் ‘காலா’ வந்தது. காவிரி பற்றி ரஜினி பேசியதற்காகக் கர்நாடகத்தில் படத்தைத் திரையிட மாட்டோம் என்றார்கள். திரையிட்டால் பாதுகாப்பு கொடுக்கும்படி உயர்நீதிமன்றம் அரசுக்குச் சொல்ல வேண்டி வந்தது. பெங்களூர்த் தமிழர்கள் வழக்கம்போல ஓசூருக்கு வந்தார்கள். அந்தப் படத்தின் பாடல்களில் ராப் பாடியவர்கள் ‘டோப்படெலிக்ஸ்’, தாராவியில் தாங்களாகவே பாடிக்கொண்டிருந்த தமிழ்ப் பையன்களின் குழு. ஒரு சுயாதீனக் குழு, நாட்டின் மிகப்பெரிய நட்சத்திரத்தின் படத்துக்குள் ஏறி, தடை செய்த ஊரின் தமிழனை எல்லை தாண்ட வைத்துத் தன்னைக் கேட்கச் செய்தது. வடக்கே போன ரசிகனும் தெற்கே வந்த ரசிகனும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்து ஸீட்டில் அல்சூர்ப் பையன் ஒருவன். இடைவேளையில் கேட்டான்:

‘அந்த ராப்பு பாடுனது யாரு மச்சா? சூப்பரா கீது.’

‘தாராவிப் பசங்க.’

‘தமிழ்லயா பாடறாங்க அங்க?’ என்றவன், கொஞ்ச நேரம் கழித்து, ‘நம்ம ஊர்ல ஏன் எவனும் பாடல?’ என்றான்.

நான் 1982-லிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். மணி அடித்துவிட்டார்கள்.